‘ஐ’ பட்டனை அழுத்தினால் இட்டாலிக் வந்துடுமா? கூப்பர் பிளாக் சொல்லும் பாடம்

வேர்டில் ஒரு போஸ்டர் தலைப்பு செய்கிறீர்கள். ஃபான்ட் பட்டியலில் ‘கூப்பர் பிளாக்’ கண்ணில் படுகிறது. குண்டு குண்டாக, ஓரமெல்லாம் உருண்டு, எங்கேயோ பார்த்துப் பழகிய முகம் மாதிரி ஓர் எழுத்து. ‘இன்னும் கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டுமே’ என்று ‘ஐ’ பட்டனைத் தட்டுகிறீர்கள். எழுத்து சாய்கிறது.

இட்டாலிக் வந்துவிட்டதா? இல்லை. நேராக நின்ற எழுத்தை சாஃப்ட்வேர் பிடித்துத் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். கூப்பர் பிளாக்கின் உண்மையான இட்டாலிக், கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனியாக வரையப்பட்டது.

யார் இந்த கூப்பர்?

1879-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் பிறந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். ஓவியம் படிக்க சிகாகோ வந்தவர், அங்கே ஃபிரெடெரிக் கௌடியிடம் எழுத்து வரையக் கற்றார். 1904-ல் ஃபிரெட் பெர்ட்ச் என்பவருடன் சேர்ந்து விளம்பர வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். விளம்பரங்களுக்காக அவர் கையால் வரைந்த எழுத்துகள், ‘பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்’ என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்தின் கண்ணில் பட்டன. 1922-ல் கூப்பர் பிளாக் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் இட்டாலிக்கும் வந்தது.

விளம்பரதாரர்கள் கொண்டாடினார்கள். பழைமை விரும்பிகளோ ‘கறுப்பு அபாயம்’ என்று திட்டினார்கள். ‘தொலைநோக்கு உள்ள அச்சகத்தாருக்கும், அவர்களுடைய கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்குமான எழுத்து இது’ என்று கூப்பரே கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது. 1966-ல் வந்த ‘பீச் பாய்ஸ்’ குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் அட்டையிலும், ‘ஈஸிஜெட்’ விமான நிறுவனத்தின் லோகோவிலும் இருப்பது கூப்பர் பிளாக்தான்.

சாய்ப்பது வேறு, வரைவது வேறு

இட்டாலிக் என்றால் சாய்ந்த எழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது கையெழுத்திலிருந்து பிறந்தது. 1501-ல் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ், கையடக்கப் புத்தகம் ஒன்றை முழுக்க இந்த எழுத்தில் அச்சிட்டார். அச்சுக்கு எழுத்தைச் செதுக்கியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அறிஞர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தே மாதிரி. இத்தாலியிலிருந்து வந்ததால் ‘இட்டாலிக்’.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். டைம்ஸ் நியூ ரோமனில் சிறிய ‘ஏ’ டைப் செய்து, ‘ஐ’ பட்டனை அழுத்துங்கள். தலைக்கு மேல் இருந்த கொக்கி காணாமல் போய், நோட்டில் எழுதுவது போன்ற ‘ஏ’ வரும். ‘எஃப்’ எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். காரணம், அதற்குத் தனி இட்டாலிக் ஃபைல் இருக்கிறது. ஆபீஸ் தொகுப்பில் வரும் கூப்பர் பிளாக்குக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் சாஃப்ட்வேர் தானே சாய்க்கிறது.

சாய்த்தால் என்ன குறை? வட்டமான எழுத்தைத் தள்ளினால், அதன் தடிமன் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறையும். மெல்லிய எழுத்தில் இது தெரியாது. குண்டு எழுத்தில் பளிச்சென்று தெரியும். கையால் வரைபவர் ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகச் சரிசெய்வார்.

எங்கே பயன்படுத்தலாம்?

தடிமன், சாய்வு, செரிஃப் எனப்படும் முனைக் குறுக்குகள் மூன்றும் சேர்ந்த எழுத்து ‘டிஸ்ப்ளே’ வகை. அதாவது, பெரிய அளவில் பார்ப்பதற்கு. இத்தகைய எழுத்துகளின் உள்ளே இருக்கும் வெள்ளை இடைவெளி மிகச் சிறியது. போன் திரையில் சிறிதாக வைத்தால் அந்த இடைவெளி அடைபட்டு, எழுத்து கறுப்புப் புள்ளியாகிவிடும். கடைப் பலகை, பாக்கெட், போஸ்டர் தலைப்பு என நாலு வார்த்தைக்கு அருமை. ஒரு பத்தி முழுக்க வைத்தால் கண் வலிக்கும்.

தமிழில் என்ன ஆகும்?

விண்டோஸில் வரும் ‘லதா’, ‘நிர்மலா’ எழுத்துருக்களில் போல்டு உண்டு, இட்டாலிக் இல்லை. ‘ஐ’ அழுத்தினால் கிடைப்பது வெறும் சாய்ப்பு. ஆங்கிலம் போல, அச்சில் இட்டாலிக்குக்கென்று தனி வடிவ மரபும் தமிழில் உருவாகவில்லை. சாயும்போது புள்ளி வலப்பக்கம் நகர்ந்து, அடுத்த எழுத்துக்குச் சொந்தமானது போல நிற்கும். அதையே போல்டாக்கி, சிறிய அளவில் போனில் பார்த்தால் ‘க’வா ‘க்’கா என்று ஒரு நொடி தயங்க வேண்டியிருக்கும். சினிமா போஸ்டரில் இது பரவாயில்லை. மருந்து எச்சரிக்கையிலோ தேர்வு அறிவிப்பிலோ அந்தத் தயக்கம் வரக்கூடாது.

தமிழில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட போல்டு, மேற்கோள் குறி, நிறம், அளவு என்று நிறைய வழி இருக்கிறது. வெப்சைட் செய்பவர்கள் சி.எஸ்.எஸ்.ஸில் ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ என்பதை ‘நன்’ என்று வைத்தால், பிரவுசர் தன் இஷ்டத்துக்குச் சாய்ப்பது நின்றுவிடும்.

அடுத்த முறை ‘ஐ’ பட்டனைத் தட்டும் முன், அந்த ஃபான்ட்டுக்கு இட்டாலிக் ஃபைல் தனியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், எழுத்தை நேராகவே நிற்க விடுங்கள்.