கங்குன் வளரும் சேறு

கங்குன் சுண்டாத வீடு கொழும்பில் குறைவு. அந்தக் கட்டு எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நுவரெலியாவிலிருந்து லொறி ஏறி வரும் கோவா, கரட்டைப் போன்றதல்ல அது. கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில், நீரில் நின்றபடியே அறுத்துக் கட்டப்படுகின்ற கீரையும் நம் சட்டிக்கு வருகிறது. நகரத்து விவசாயம் என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது இங்கே வெகுகாலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே சதுப்பு நமக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. களனி கங்கை பெருகும்போது ஆற்று நீர் நகருக்குள் ஏறாதபடி கால்வாய்க் கதவுகளை மூடிவிடுவார்கள். அப்போது நகரில் பெய்யும் மழை எங்கே போகும்? சதுப்பில்தான் தங்கிக் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தை மண்ணிட்டு நிரப்பினால், தண்ணீர் நம் குசினியைத் தேடி வரும். 2010 நவம்பரில் அது பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது! ஆறே கரைபுரண்டு வந்தால் சதுப்பு மட்டும் போதாது என்பதும் உண்மை. 2016 மே மாதத்தில் கொலன்னாவை மக்கள் அதைக் கண்டார்கள்.

நிரப்புவதற்கு மண்தான் வேண்டுமென்பதில்லை. மீதொட்டமுல்லயில் குப்பையைக் கொட்டினோம். 2017 ஏப்ரல் 14இல் அந்த மலை சரிந்து, 30 பேருக்கு மேல் வீடுகளோடு புதைந்துபோனார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பெத்தகானவிலும் தியசருவிலும் சதுப்பைச் சதுப்பாகவே விட்டு, நடைபாதை அமைத்துப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். மீன்பிடிப் பூனையைக் காண அதிர்ஷ்டம் வேண்டும், பறவைகளுக்குக் குறைவில்லை. 2018 ஒக்டோபரில், உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாயிற்று.

பட்டம் கிடைத்ததால் கான் நீர் சுத்தமாகிவிடவில்லை. கொழும்பிலும் அயலிலும் விளைந்த கீரைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் அவற்றில் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களைக் கண்டிருக்கிறார்கள். கழுவினால் சேறும் கிருமியும் குறையும். தண்டுக்குள் ஏறிய உலோகம் போகாது. அதற்காகக் கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே இடத்துக் கீரையையே தினமும் சமைக்காமல் மாற்றி மாற்றி வாங்கலாம். பல்கனியில் வெயில் விழுமானால், பழைய அரிசிச் சாக்கில் நல்ல மண்ணும் கூட்டெருவும் இட்டு, வாங்கிய கங்குன் தண்டையே நட்டுவிடலாம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் கிள்ளலாம். சதுப்பில் பயிர் செய்கிறவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த நீரில் கழிவை விடுவது அவர்களல்லவே.

மலிவாகக் கிடைக்கிறதென்று அந்தப் பக்கம் ஐந்து பேர்ச் காணி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரகரிடம் விலை பேசுமுன், 2016இல் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றதென்று பக்கத்து வீட்டுத் தாய்மாரிடம் கேளுங்கள். சுவரில் அந்தக் கோடு இன்னமும் இருந்தால் காட்டுவார்கள்.