கொடைக்கானல் ஓட்டப் பாதைகள்: ஏரியிலிருந்து மேல்மலை வரை

கொடைக்கானலில் ஓடுவதற்கு ஏற்ற பாதைகள் பெரும்பாலும் ஏரியில்தான் தொடங்குகின்றன. பழனி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம் போலக் குழிந்த இடத்தில் ஏரி கிடக்கிறது. ஊர் அதன் விளிம்புகளில் ஏறி நிற்கிறது. அதனால் ஏரிக்கரையை ஒட்டி ஓடும்வரை பாதை ஏறக்குறைய சமதளம். கரையை விட்டு எந்தத் திசையில் திரும்பினாலும் ஏற்றம்தான். இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால், இங்கே எத்தனை நாள் தங்கினாலும் தினம் ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஊர் உருவான விதமும் ஓட்டக்காரர்களுக்குச் சாதகம். பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி 1821-ல் இந்த மேட்டை அளந்தார். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக்க இடம் தேடிய மதுரை அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது மலையேற ஒரே வழி பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதை. நடந்தும் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். மோட்டார் சாலை 1910-களில்தான் வந்தது. ஆக, முதல் அறுபது எழுபது ஆண்டுகள் ஊரின் பாதைகள் நடப்பவர்களையும் குதிரையையும் மனதில் வைத்தே போடப்பட்டன. இன்று கார்கள் முட்டி மோதி நிற்கிற குறுகலும் நெளிவும் அந்தக் காலத்தின் மிச்சம். ஓடுகிறவருக்கு அவை தொந்தரவில்லை. (ஊருக்குத்தான் வயது குறைவு. பளியர், புலையர் போன்ற மலைக்குடிகள் வெகுகாலமாக வாழ்ந்துவரும் மலை இது. கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கற்திட்டைகளே இருக்கின்றன.)

பாதைகளுக்குள் போகுமுன் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். சென்னையிலோ மதுரையிலோ சளைக்காமல் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக்கூட இங்கே முதல் நாள் மூன்றாவது கிலோமீட்டரிலேயே இரைக்கும். உடம்பு தளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவில் வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, குளிரில் தாகம் தெரியாது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். மறுநாள் காலையில் தலைவலியோடு எழுகிறவர்கள் பழியை உயரத்தின் மேல் போடுகிறார்கள். பாதிப் பேருக்காவது காரணம் தண்ணீர்க் குறைவாகத்தான் இருக்கும்.

ஏரிச் சுற்று

மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓர் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது. இயற்கையான ஏரி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. நீர்ப்பரப்பு சுமார் 60 ஏக்கர். அதற்கு இவ்வளவு நீளமான கரை எப்படி வந்தது என்றால், ஏரி நட்சத்திர வடிவில் விரல் விரலாகக் குன்றுகளுக்கிடையே நீண்டிருப்பதால். சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஒவ்வொரு விரலின் நுனிக்கும் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் எதிர்க்கரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலும், போய்ச் சேர வேண்டிய இடம் எப்போதும் தொலைவிலும் இருக்கும்.

இந்தச் சுற்றைக் கோயிலை வலம் வருவதுபோல ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி ஓடுவது நல்லது. அப்படி ஓடினால் தண்ணீரை ஒட்டிய ஓரம் கிடைக்கும். வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால், அந்த ஓரத்தில் வருபவை எதிரே வரும், பின்னாலிருந்து உரசாது. காலை ஆறு மணிக்கு ஏரி மேல் பனிமூட்டம் கிடக்கும், எதிர்க்கரை தெரியாது. படகுத்துறையில் மிதிபடகுகள் கட்டிக் கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் குல்லாவும் மப்ளருமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஏழு மணிக்கு மேல் வாடகை சைக்கிள்களை வரிசையாக நிறுத்தத் தொடங்குவார்கள், குதிரைகள் வந்துசேரும். எட்டரைக்குச் சுற்றுலா வேன்கள். அதற்குப் பிறகு இங்கே ஓட நினைப்பது வீண்வேலை. வேன்களுக்கும், குடும்பத்தோடு நடக்கிறவர்களுக்கும், முந்தைய நாளின் குதிரைச் சாணத்துக்கும் விலகி விலகியே மூச்சு போய்விடும்.

ஒரு சுற்று போதாதென்றால் இரண்டாவது சுற்றும் ஓடலாம். ஆனால் அதைவிட, பிரையண்ட் பூங்கா அருகே ஏரியை விட்டு மேலேறுவது சுவையானது. வன அதிகாரி பிரையண்ட் 1908-ல் அமைத்த பூங்கா இது. அங்கிருந்து கோக்கர்ஸ் வாக் பக்கம். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலையின் தென்விளிம்பில் போட்ட இந்த நடைபாதை ஒரு கிலோமீட்டர்தான். கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. ஓட்டத்தின் முடிவில் நடந்து மூச்சை ஆற்றிக்கொள்ளப் பொருத்தமான இடம். தெளிவான காலையில் கீழே பெரியகுளம் வரை தெரியும். பின்னால் வெயிலும் முன்னால் மேகமும் சரியாக அமைந்தால், தன் நிழலே வானவில் வளையத்துடன் மேகத்தின் மேல் விழுவதைப் பார்க்கலாம். அது வாய்ப்பது அபூர்வம்.

ஏரியின் உபரி நீர் மதுரைச் சாலையில் 8 கிலோமீட்டர் தொலைவில் வெள்ளி அருவியாக விழுகிறது. அதுவரை இறங்கி ஓடலாமே என்று தோன்றும். தோன்றுவதோடு விட்டுவிடுவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துகள் திரும்பும்போது ஒதுங்க இடமே இருக்காது. நீண்ட இறக்கம் முட்டியையும் பதம்பார்க்கும்.

வானாய்வகமும் குறிஞ்சி ஆண்டவரும்

ஏற்றம் பழக விரும்புகிறவர்களுக்குச் சூரிய ஆய்வுக்கூடச் சாலையைவிட நல்ல களம் இல்லை. 1899-ல் தொடங்கிய இந்த ஆய்வுக்கூடம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எங்கும் செங்குத்து கிடையாது; விட்டு விட்டு ஏறும். இளைப்பாறக் கிடைக்கிற சமதளத்தில் வேகமெடுக்கிறவர்தான் அடுத்த ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சூரியனைப் பார்க்கத் தேர்ந்தெடுத்த உயரமான இடம் என்பதால், கீழே ஏரியில் மூட்டமாக இருக்கிற பல காலைகளில் இங்கே வெயில் அடிக்கும்.

ஊரின் இன்னொரு பக்கம், செட்டியார் பூங்காவைத் தாண்டி, குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில், போகவர ஆறேழு கிலோமீட்டர் வரும் இதமான ஓட்டம். கோயிலை 1936-ல் கட்டியவர் லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவரானவர். கோயில் வளாகத்திலிருந்து பழனி மலையும், வானம் விட்டால் வைகை அணையும் தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-ல்.

தூண் பாறைச் சாலை

நீண்ட ஓட்டத்துக்கு உள்ளூர்க்காரர்கள் முதலில் சொல்வது தூண் பாறைப் பாதையைத்தான். கோல்ஃப் மைதானம், பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று சுற்றுலாக்காரர்களின் பட்டியல் முழுவதும் இந்த ஒரே சாலையில் அடுக்கியிருக்கிறது. ஏரியிலிருந்து தூண் பாறை சுமார் 7 கிலோமீட்டர். மூன்று கற்தூண்கள் 122 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன; மேகம் மூடினால் அரைமணி நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. 1991-ல் ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற குகைக்கு, 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஆக, விடிந்ததும் கிளம்பி எட்டுக்குள் திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால்தான் இந்தச் சாலை ஓடுகிறவருக்குச் சொந்தம். பசுமைப் பள்ளத்தாக்கில் குரங்குத் தொல்லை உண்டு. கையில் வாழைப்பழமோ சாக்லேட்டோ வைத்துக்கொண்டு ஓடக் கூடாது.

குரங்கைவிடக் கவனிக்க வேண்டியது காட்டுமாடு. புத்தகத்தில் காட்டெருமை; ஊரில் காட்டுமாடு. முழு வளர்ச்சி பெற்ற காளை ஆயிரம் கிலோவைத் தொடும். கோல்ஃப் மைதானத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் கடைவாசலிலும் மேயும். விடியலும் அந்தியும் அது நடமாடும் நேரம்; ஓடுகிறவர் கிளம்பும் நேரமும் அதுதான். மூட்டத்தில் கருப்பாக ஏதோ நின்றால், வெள்ளைக் கால்களைப் பார்த்துத்தான் அடையாளம் தெரியும். அருகே ஓடிக் கடக்கவோ செல்போனை நீட்டவோ கூடாது. நின்று, மெல்லப் பின்வாங்கி, அது வழிவிடும்வரை காத்திருக்க வேண்டும். கன்றோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மண் பாதைகள்

தார்ச்சாலை அலுத்தவர்களுக்கு வட்டக்கானல். பாம்பார்ச் சோலையை ஒட்டி இறங்கும் சாலை வட்டக்கானலில் முடிய, அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு ஒற்றையடிப் பாதை. மரவேர்கள் படிக்கட்டுபோல் பின்னிக் கிடக்கும். மழை பெய்திருந்தால் அந்த வேரெல்லாம் வழுக்கும். ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடப்பதே மேல். பாறை நுனியில் ஓட்டமும் கிடையாது, வேடிக்கையும் கிடையாது, கீழே அதலபாதாளம். மழைக்காலத்தில் சோலைக்குள் அட்டை ஏறும். உப்போ மூக்குப்பொடியோ கொஞ்சம் கொண்டுபோவது பழைய வழக்கம்.

ஊரிலிருந்து 21 கிலோமீட்டரில் உள்ள பேரிஜம் ஏரியை வரைபடத்தில் பார்த்ததும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அரை மாரத்தான் தூரம் நினைவுக்கு வரும். பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிற இந்த ஏரி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதிச் சீட்டோடு குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்கள் மட்டும் பகலில் போய்வரலாம். யானை வந்துவிட்டால் அதுவும் இல்லை. தனியாக ஓடிப் போக வழியில்லை, போகவும் கூடாது.

அதற்கு ஈடாக மேல்மலை இருக்கிறது. 18 கிலோமீட்டரில் பூம்பாறை; மலைப்பூண்டுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர்பெற்ற கிராமம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையும் தாண்டி, சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர். புல்வெளிகள் அலை அலையாய் இறங்கும் நடுவில் ஓர் ஏரி, அருகே மத்திய ஆட்டின ஆராய்ச்சி நிலையம். கொடைக்கானல் ஏரியின் நெரிசலோடு ஒப்பிட்டால் ஓடுவதற்கு இதுவே மேலான இடம். வண்டியில் போய் இறங்கி, ஏரியையும் கிராமத்துச் சாலைகளையும் இணைத்து வேண்டிய தூரம் ஓடிக்கொள்ளலாம். ஏரிப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் சூழல் சுற்றுலாக் கட்டணம் உண்டு.

காலம் என்று பார்த்தால் ஜனவரியும் பிப்ரவரியும் வானம் தெளிவான மாதங்கள். விடிகாலையில் கையுறை வேண்டியிருக்கும். ஏப்ரல், மே குளிர் குறைவு, கூட்டம் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாகனத்தில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், நீண்ட ஓட்டத்துக்கு எஃகு பாட்டிலோ முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையோ ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட வேண்டும்.