மலேசியாவுக்குச் சுற்றுலா போக விசா வேண்டாம். வேலைக்குப் போக வேண்டும்

திருச்சியில் இரவு விமானம் ஏறினால் விடியும்போது கோலாலம்பூரில் இறங்கிவிடலாம். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். 2023 நவம்பர் 26 அன்று புத்ராஜெயாவில் தன் கட்சி மாநாட்டில் பேசிய மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம், இந்தியர்களும் சீனர்களும் டிசம்பர் 1 முதல் விசா இல்லாமலே வந்து 30 நாள்வரை தங்கலாம் என்று அறிவித்தார். முதலில் 2024 இறுதிவரை என்றிருந்த சலுகை, பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

நல்ல செய்திதான். பத்துமலை தைப்பூசத்துக்குப் போகிறவர்கள், பினாங்கில் பெண் கொடுத்தவர்கள், ஈப்போவிலும் கிள்ளானிலும் சித்தப்பா, பெரியப்பா வீடு உள்ளவர்கள் எனத் தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே எப்போதும் போக்குவரத்து உண்டு. அவர்களுக்கு விசா கட்டணமும் அலைச்சலும் மிச்சம். ஆனால், இதே சலுகையை முதலீடாக வைத்து ஊர் ஊராக ஒரு வியாபாரமும் நடக்கிறது. “ஓட்டல் வேலை, சாப்பாடு, ரூம் எல்லாம் ஃப்ரீ. டூரிஸ்ட்டா உள்ளே போயிடு, பெர்மிட்டை அங்கே போய் மாத்திக்கலாம்” என்பதுதான் அந்த வியாபாரத்தின் விளம்பரம். இதை நம்பிப் பணம் கட்டியவர்கள் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். உள்ளே போய்விட்டவர்களின் நிலைமை அதைவிட மோசம். எனவே, விசா விலக்கு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

கவுன்ட்டரில் கேட்பது என்ன?

சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லக்கூடிய பாஸ்போர்ட், திரும்பி வருவதற்கான உறுதியான டிக்கெட், தங்கும் இடத்துக்கான சான்று, செலவுக்குப் போதுமான பணம். இவற்றோடு, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் இதைச் செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. கார்டு எண்ணைக் கேட்டால் அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. விசா விலக்கு என்பது உள்ளே அனுமதிப்பதாகத் தரப்பட்ட வாக்குறுதி அல்ல. விசா முறை இருந்தபோது பாதி விசாரணை சென்னையிலேயே முடிந்துவிடும். இப்போது முழு விசாரணையும் கோலாலம்பூர் கவுன்ட்டரில்தான் நடக்கிறது. “எங்கே தங்குகிறீர்கள்? எத்தனை நாள்? யார் வீடு, அவர் உங்களுக்கு என்ன உறவு? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? ஊரில் என்ன வேலை?” என்று அதிகாரி கேட்பார். கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லும் இளைஞரிடம் இரண்டு நாளுக்கு மட்டும் ஓட்டல் பதிவு இருக்கிறது. எந்தெந்த ஊரைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லத் தெரியவில்லை. பையில் சமையல்காரர் அனுபவச் சான்றிதழ் இருக்கிறது என்றால், அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க அதிகாரிக்கு வெகுநேரம் ஆகாது. ஏஜென்ட் போட்டுக்கொடுத்த ஓட்டல் பதிவு, விமானம் ஏறுவதற்குள் ரத்து செய்யப்பட்டிருக்கும். அந்த ஓட்டலுக்கு ஒரு போன் போட்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

பதில்களில் திருப்தி இல்லையென்றால் ‘நாட் டு லேண்ட்’ என்று முடிவெடுத்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை விமான நிலையத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான். இந்த முடிவில் இந்தியத் தூதரகம் தலையிட்டு உள்ளே அனுப்பிவைக்க முடியாது. ஏஜென்ட்டிடம் கொடுத்த பணமும் திரும்பி வரப்போவதில்லை.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் அவருடைய முழு முகவரி, தொலைபேசி எண், முடிந்தால் அவர் எழுதிக் கொடுத்த அழைப்புக் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. “அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவார்” என்ற பதில் அங்கே எடுபடாது. முத்திரை குத்திய பிறகு, எத்தனை நாள் அனுமதி தந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்தால் புறப்படும் முன்பே விசா எடுத்தாக வேண்டும். 29ஆம் நாள் சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ போய் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் தந்திரத்தை அதிகாரிகள் நன்றாகவே அறிவார்கள். பாஸ்போர்ட்டின் பக்கங்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சபா, சரவாக் மாநிலங்களுக்குப் போகிறவர்கள் உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்த இரு மாநிலங்களும் குடிநுழைவு விஷயத்தில் தனி அதிகாரம் கொண்டவை. அங்கேயும் சோதனை உண்டு.

முன்பின் தெரியாதவர் “அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்” என்று கொடுக்கும் எந்தப் பொட்டலத்தையும் கையால்கூடத் தொடாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்ற விதியை மலேசியா 2023இல் நீக்கியது. ஆனால், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இன்னமும் இருக்கிறது.

இசிஆர் பாஸ்போர்ட்

இந்தியப் பக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘இசிஆர்’ முத்திரை இருக்கும். அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற்றாக வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வளைகுடா நாடுகளோடு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்த அதிகாரியின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால், திரும்பி வரும் டிக்கெட் இல்லாமல் அவரை விடமாட்டார்கள். சந்தேகம் எழுந்தால் திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறும் முன்பே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தப்பட்டவருக்கு அப்போது கோபம் வரும். உண்மையில் அந்தச் சோதனை அவருடைய பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது.

பத்தாம் வகுப்பு தேறியவரை இந்த வாசலில் யாரும் கேட்பதில்லை. டிப்ளமோ, பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் இன்று ஏஜென்ட்டுகளிடம் எளிதாகச் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அவர்களுடைய ஆவணங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க அவர்களிடமும் பெற்றோரிடமுமே விடப்பட்டிருக்கிறது.

‘மாத்திக்கலாம்’ என்ற பொய்

கீழ்நிலை வேலைகளுக்கு மலேசியா அயல்நாட்டவரை எடுக்கும் முறை, தொழிலாளி விமானம் ஏறுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். முதலில் முதலாளிக்கு ஒதுக்கீடு, அதாவது கோட்டா கிடைக்க வேண்டும். பிறகு இன்ன தொழிலாளியை எடுக்கலாம் என்று அவர் பெயரிலேயே குடிநுழைவுத் துறை ஒப்புதல் கடிதம் தரும். அதைக் காட்டி இந்தியாவிலேயே விசா எடுக்க வேண்டும். நம் ஊர்களில் ‘காலிங் விசா’ என்று சொல்வது இதைத்தான். அங்கே போனபின் மருத்துவப் பரிசோதனையில் தேறினால் தற்காலிக வேலை பாஸ் கிடைக்கும். அந்தப் பாஸ் குறிப்பிட்ட ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்கும் மட்டுமே செல்லும். சுற்றுலாப் பயணியாக உள்ளே போனவர் இந்த வரிசையில் எந்த இடத்திலும் நுழைய முடியாது.

ஏஜென்ட்டுகள் ஏன் காலிங் விசாவை விட்டுவிட்டுச் சுற்றுலா வழியைக் காட்டுகிறார்கள்? 2023 மார்ச்சில் மலேசிய அரசு புதிய அயல்நாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டை நிறுத்திவைத்தது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவர்கள் 2024 மே 31க்குள் வந்து சேர வேண்டும் என்று கெடுவும் விதித்தது. அதன் கடைசி நாள்களில் கோலாலம்பூர் விமான நிலையம் தொழிலாளர் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. டிக்கெட் கிடைக்காமல் வங்கதேசத்தில் ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்து நின்றார்கள். முறையான வாசல் குறுகிப்போன அதே காலத்தில்தான் விசா இல்லாத சுற்றுலா வாசல் திறந்தது. ஏஜென்ட்டுகள் ஆட்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

உள்ளே போய் ஓட்டலிலோ, முடிதிருத்தும் கடையிலோ, தோட்டத்திலோ வேலைக்குச் சேர்ந்துவிட்டால்? முதல் 30 நாளும் சுற்றுலா அனுமதியின் நிபந்தனையை மீறிய குற்றம். 31ஆம் நாளிலிருந்து அனுமதி முடிந்தும் தங்கிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். மலேசியச் சட்டப்படி அதற்கு 5 ஆண்டுவரை சிறை, பெரிய அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட்வரை அபராதம் உண்டு. இந்தச் செலவை மனத்தில் வைத்துத்தான் சிலர் தொழிலாளியை வெளியே போக விடாமல் அடைத்து வைக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியாவிலும் குற்றம்தான். ஆனால், தானே சட்டவிரோதமாக இருக்கும் ஆள் காவல் நிலையப் படி ஏறிப் புகார் கொடுப்பாரா? மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பாஸ் இல்லாதவர் அந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இது மலேசியாவோடு நிற்கிற கதை இல்லை. ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்தது. வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப் போய்க் கடத்தி வைத்துப் பணம் பறித்த சம்பவங்களுக்குப் பிறகு, 2025 நவம்பர் 22 முதல் அந்தச் சலுகை நின்றுபோனது. விசா விலக்கு எந்த நாட்டுக்குக் கிடைத்தாலும் ஆள் கடத்துவோர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால்

வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு மத்திய வெளியுறவுத் துறையின் உரிமம் இருக்க வேண்டும். ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயர், முகவரி, உரிம எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். விமான டிக்கெட் போட்டுத் தரும் ட்ராவல்ஸுக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் கிடையாது. வீட்டுக்கே வந்து பணம் வாங்கிப் போகும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட்கூடச் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அதற்கு ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டாலோ, ரசீது இல்லாமல் கூகுள் பேயில் யாரோ ஒருவர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலோ அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர், வேலை, சம்பளம், வேலை நேரம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். இசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அத்துடன் வரி. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மகனுக்கோ கணவருக்கோ அங்கே சிக்கல் வரும்போது, எந்த ஊர், எந்த முதலாளி என்றே தெரியாமல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் குடும்பங்கள் ஏராளம்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள் ஒளிந்து வாழ்வதை நீட்டிக்க வேண்டாம். நாள் கூடக்கூடச் சிக்கலும் கூடும். கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் தொழிலாளர்களுக்கென்றே உதவி மையம் இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பத்தினர் அயலகத் தமிழர் நலத் துறையை அணுகலாம். இன்னும் பணம் கட்டாதவர்கள், கட்டுவதற்கு முன் வெளியுறவுத் துறையின் கட்டணமில்லாத் தொலைபேசியை அழைத்து ஏஜென்ட்டைப் பற்றி விசாரித்துவிடுங்கள். எண்: 1800 11 3090. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.