நம்ம பள்ளி வெப்சைட் ஏன் படுத்தது?

அரையாண்டு மார்க் போட்ட அன்னிக்குக் காலை 10 மணிக்கு நம்ம வெப்சைட் திறக்கவே இல்லை, ஞாபகம் இருக்கா? எத்தனை பேர் என்னைத் திட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். மார்க் பக்கத்தை எழுதினவன் நான்தானே! "ஒரே நேரத்துல எல்லாரும் வந்தா சர்வர் தாங்காது, பெரிய சர்வர் வாங்கணும்" என்று நானும் சமாளித்தேன். அது தப்பு. உண்மையில் நடந்தது இதுதான் நண்பர்களே.

என் பெரியம்மா பையன், சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். "சர்வரைத் திட்டறதுக்கு முன்னாடி 'அப்டைம்'னு அடிச்சுப் பாருடா" என்றார். கடைசியில் மூன்று எண்கள் வந்தன: 38.6, 14.2, 5.1. இதற்குப் பெயர் லோடு ஆவரேஜ். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடத்தின் சராசரி.

நம்ம தண்ணீர்க் குழாயை நினைச்சுக்கோங்க. குடிக்கிறவங்க, வரிசையில் நிற்கிறவங்க ரெண்டு பேரையும் சேர்த்து எண்ணினால் அதுதான் லோடு. நம்ம சர்வரில் பிராசஸர் கோர் இரண்டு, அதாவது ரெண்டு குழாய். லோடு 2 வரை பிரச்சினை இல்லை. 38 என்றால் 36 பேர் தாகத்தோடு நிற்கிறார்கள்! முதல் எண் பெரிசு, கடைசி எண் சிறிசு என்றால் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

ஆனா யார் குழாயை விடாம பிடிச்சிருக்காங்கன்னு இந்த எண் சொல்லாது. லினக்ஸில் ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள். அதனால அடுத்து 'டாப்' கட்டளை. டிஸ்க் காத்திருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். பக்கங்களை அனுப்பும் அப்பாச்சியும் சாதுவாகவே இருந்தது. டேட்டாபேஸ் மட்டும் 190 சதவீதம், அதாவது இரண்டு கோரையும் அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று வந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 151 இணைப்புதான் தரும். நல்லவேளை, நிர்வாகிக்கென்று 152-வது இடம் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கும். அண்ணன் அது வழியாக நுழைந்து 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' போட்டார். பட்டியல் முழுக்க ஒரே கேள்விதான்! வருகைப்பதிவு சதவீதம் கேட்கும் என் வரி.

அந்த வரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' சேர்த்தால் டேட்டாபேஸ் எப்படித் தேடும் என்று சொல்லும். சுமார் 6 லட்சம் வரிகளையும் படிக்கிறதாம்! சேர்க்கை எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லை. ஏன்னா, சேர்க்கை எண்ணை டேபிளில் எழுத்தாகச் சேமித்துவிட்டு, தேடும்போது மேற்கோள் குறி போடாமல் எண்ணாக எழுதிவிட்டேன். எழுத்தை எண்ணோடு ஒப்பிட, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும்; இண்டெக்ஸைத் தொடாது. ரெண்டே ரெண்டு சின்னக் குறி! போட்டதும் சில நிமிடங்களில் லோடு 1-க்குக் கீழே இறங்கியது. சர்வர் அதேதான், கூட்டமும் அப்படியேதான் இருந்தது.

சாதாரண நாளில் ஒருத்தர் பார்த்தால் அரை செகண்டில் பக்கம் வந்துவிடும். அதனால்தான் யாரும் கவனிக்கலை. மெதுவான கேள்விகளை எழுதிவைக்கும் 'ஸ்லோ க்வெரி லாக்' மைஎஸ்க்யூஎல்லில் தானாக ஓடாது, நாம்தான் போடணும். போட்டாலும் 10 செகண்டைத் தாண்டியதைத்தான் எழுதும். அண்ணன் அதை 0.2 செகண்டாகக் குறைத்தார். 5 நிமிடத்துக்கு ஒருமுறை லோடு எண்ணை ஒரு ஃபைலில் எழுதும்படி கிரானும் வைத்தார்.

வரும் திங்கள் யூனிட் டெஸ்ட் மார்க் போடுகிறோம். கம்ப்யூட்டர் லேபில் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருப்பேன். திட்டுறவங்க நேரா அங்கே வாங்க!

- 12-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு