முதிரும் தோலும் அதன் அன்றாடப் பேணுகையும்

நாற்பதாண்டைக் கடந்தவர் எவராயினும், தம் முன்கையின் உட்புறத்தைப் புறங்கையோடு ஒருமுறை ஒப்பிட்டு நோக்குவாராக. இரண்டும் ஒரே உடம்பின் தோல். ஒரே வயதினவும் ஆம். எனினும் உட்புறம் மென்மையுடையதாய் ஒரே நிறத்ததாய் இருக்க, புறங்கையோ கறுத்துச் சுருங்கி ஆங்காங்கே புள்ளிகள் படிந்து காணப்படும். இவ்வேற்றுமையைச் செய்தது பெரும்பாலும் வெயிலேயன்றி வயதன்று. தோலைப் பேணுதல் பற்றி நாம் ஈண்டுக் கூறப்புகுவனவற்றுட் பெரும்பகுதி இவ்வொரு செய்தியினின்றே பிறப்பதாகும்.

பழைய மாணவர் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் உடன் பயின்றோரை அடையாளங் காணாது திகைப்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். விளையாட்டு மைதானத்திலேயே பொழுதைக் கழித்தவர்க்கும் நூல்நிலையத்தை விட்டகலாதவர்க்கும் முகத்திற் பல்லாண்டு வேற்றுமை தோன்றுவதுண்டு. (இதனால் விளையாட்டை விலக்குமாறு கூறுகின்றோமல்லோம், உடற்பயிற்சி ஆசிரியர் எம்மைச் சினவாதிருப்பாராக.)

தோல் மேற்றோல், அடித்தோல் என இரு படையாய் அமைந்தது. அடித்தோலிற் கொலாஜென் என்னும் நார்ப்பொருள் பின்னிக் கிடந்து, தோலுக்கு உறுதியைத் தருகின்றது. வயது ஏற ஏற இந்நார் குறைகின்றது. மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு முதற் சில ஆண்டுகளில் இக்குறைவு மிக விரைவாக நிகழும். மேற்றோலின் அணுக்கள் புதுப்பிக்கப்படும் வேகமும் தளர்கின்றது; எண்ணெய்ப்பசையும் சுருங்குகின்றது. இவை காலத்தின் செயல், நம்மால் தடுக்கலாகாதவை. ஆயின் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அடித்தோல் வரை ஊடுருவி அந்நாரை அறுப்பது தடுக்கக்கூடியதே.

2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஒருவரின் நிழற்படம் வெளியாயிற்று. அவர் இருபத்தெட்டாண்டு சரக்கு வண்டி ஓட்டியவர், வயது 69. சன்னலை அடுத்திருந்த அவரது இடக்கன்னம் ஆழ்ந்த சுருக்கங்களுடன் தொங்க, வலக்கன்னம் அதனினும் மிக இளமையுடையதாய்த் தோன்றிற்று. தோலைச் சுட்டெரிக்கும் கதிரைக் கண்ணாடி பெரிதும் தடுத்துவிடும். சுருக்கத்தை விளைக்கும் நெடுங்கதிரையோ உள்ளே விடும். பேருந்திலும் வகுப்பறைச் சன்னலோரத்திலும் அமர்வோர் இதனை உளங்கொள்க. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்னும் ஊரில், 55 வயதுக்கு மேற்படாத 903 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. ஒரு சாரார் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசினர். மற்றவர் தம் விருப்பப்படி விடப்பட்டனர். நாலரை ஆண்டின்பின் புறங்கைத் தோலை அச்செடுத்து நோக்கியபோது, நாள்தோறும் பூசினோரிடம் முதிர்ச்சி 24 விழுக்காடு குறைந்திருந்ததென 2013-இல் வெளியிட்டனர்.

“அஃது வெள்ளையர்க்கு உரியது, நம் கறுத்த மேனிக்கு வெயிலாற் கேடில்லை” என்பார் நம்மிற் பலர். இது பாதி உண்மையே. நம் தோலின் கருநிறப்பொருள் சுருக்கத்தைச் சில ஆண்டு தள்ளிப்போடுகின்றது, மெய்யே. ஆயினும் மங்கு என நாம் வழங்கும் கன்னக்கருமையும் கரும்புள்ளியும் நம்மனோர்க்கே மிகுதி. மங்கிற்குக் கண்ணாற் காணும் ஒளியுங் காரணமாதலின், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமேற்றிய சன்ஸ்கிரீனே அதற்கு ஏற்றதாம்.

இனிக் காலையிற் செய்யத்தக்கன. முகத்தைக் காரமற்ற கழுவுபொருளாற் கழுவுக. நலமுற்ற தோல் சிறிது புளிப்புத்தன்மையுடையது. பெரும்பாலான சோப்புக் கட்டிகளோ காரத்தன்மையுடையன. முதியோர் முழங்காலின் கீழ்ச் சொறிந்துகொண்டிருப்பதற்குப் பலவிடத்தும் காரணம், வெந்நீரும் அளவுக்கு மீறிய சோப்புமே. குளித்தெழுந்து ஈரம் உலருமுன் ஈரப்பசை காக்கும் களிம்பைத் தடவுக. உடம்பின் வறட்சிக்கு நம் வீட்டுத் தேங்காயெண்ணெயும் தக்கதே. அது கனிம எண்ணெய்க்கு நிகராய்ப் பயன்படுவதெனப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சியொன்று 2004-இற் காட்டிற்று. முகப்பரு உடையோர் மட்டும் அதனை முகத்திற் பூசாதிருத்தல் நலம். அதன்மேல், காப்பளவு 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரு விரல் நீளம் எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசுக. கடுகளவு எடுத்துத் தேய்த்துவிட்டுப் பயனில்லை என்பது முறையன்று. வெளியே நெடுநேரம் நிற்பின் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசவேண்டும். குடையைப் பிடித்துச் செல்ல நாணும் இளைஞர் அந்நாணத்தை விடுவாராக.

எம் உறவினர் அம்மையார் ஒருவர், ஐம்பதாம் வயதிற் கன்னத்து மங்கை நீக்கும் என்று பிறர் சொன்ன சிவப்புக் களிம்பொன்றைக் கடையில் வாங்கி ஈராண்டு பூசினார். முதல் மாதத்தில் முகம் பளபளத்தது; நாமும் வியந்து பாராட்டினோம். பின்னர்த் தோல் காகிதம்போல் மெலிந்து, செந்நரம்புகள் தெரிய, வெயிலிற் காலெடுத்து வைத்தாலே எரிந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததென மருத்துவர் கூறினார். அதனை விடவும் தோல் தேறவும் ஓராண்டுக்கு மேலாயிற்று. வெண்மை தரும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசமும் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுப்பது. உள்ளே கலந்திருப்பது இன்னதென அச்சிடாத எதனையும் முகத்தருகிற் கொண்டுசெல்லற்க. கறுப்பு ஒரு நோயென்று கருதும் மடமையாலன்றோ இக்களிம்புகள் விலைபோகின்றன!

இரவிற்குரியது டிரெட்டினோயின் என்னும் மருந்து. உயிர்ச்சத்து ஏ-யினின்று பெறப்படும் இஃது முதலில் முகப்பருவிற்கே வழங்கிற்று. நுண்சுருக்கங்களையும் மாற்றுமென 1986-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் முதலானோர் எழுதினர். அவர் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையிற் கைதிகளின் தோல்மீது பல்லாண்டு சோதனை நடத்தியவர் என்பதை மறைத்தல் தகாது. மருத்துவரின் சீட்டின்றி இதனை வாங்கற்க. கருவுற்றோர் தொடவே கூடாது. பட்டாணியளவு எடுத்து, முதலில் வாரம் இருமுறை பூசித் தோல் பழகியபின் மிகுத்துக்கொள்க. தொடக்கத்திற் செதிலுரிவதும் சிவப்பதும் இயல்பே. பயன் தெரிய மூன்று திங்கள் முதல் ஆறு திங்கள் செல்லும். மூன்றாம் வாரத்திலேயே மனமுடைந்து குப்பியை எறிந்தவர்களை நாம் அறிவோம். இம்மருந்தைப் பூசுவோர் பகலிற் சன்ஸ்கிரீனை ஒருநாளும் விடலாகாது. அதனைக் கழுத்தோடு நிறுத்தாது புறங்கைக்கும் பூசுக.