எள்ளளவு உயிருக்கு ஒரு கீல்

வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து மூடும்போது நாம் யாரும் கீலைக் கவனிப்பதில்லை. மூடி ஒரு பக்கமாக நகர்ந்து பொருந்தாமல் போனால்தான் "அடடா, கீல் போச்சே" என்கிறோம். எள்ளளவே இருக்கும் ஓர் உயிருக்கும் இதே கவலை உண்டு.

அதன் பெயர் ஆஸ்ட்ரகோடு. இறால், நண்டு வகையறாதான். ஆனால் பார்த்தால் சின்னச் சிப்பி மாதிரி இருக்கும். பெரும்பாலானவை 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. கடல், ஏரி, குளம், குட்டை எங்கும் வாழ்கின்றன. உடலை இடமும் வலமுமாக இரண்டு சுண்ணாம்பு ஓடுகள் மூடியிருக்கும். முதுகுப் பக்கம் நெகிழ்வான பட்டை ஒன்று இரண்டையும் பிணைக்கிறது. நடுவிலுள்ள தசைகள் இழுத்தால் ஓடு மூடும், தளர்ந்தால் திறக்கும்.

மூடும்போது ஓடுகள் முன்னும் பின்னும் வழுக்கினால் இடைவெளி விழுமே! அதைத் தடுப்பதுதான் கீலின் வேலை. எளிய கீலில் ஓர் ஓட்டில் நீண்ட மேடு, எதிர் ஓட்டில் அதற்கேற்ற காடி, பல் கிடையாது. இது 'அடான்ட்'. 'மெரொடான்ட்' கீலில் காடியின் இரு முனையிலும் பற்கள், எதிரே குழிகள். 'ஆம்ஃபிடான்ட்' இன்னும் நுட்பம்: வழக்கமாக வலது ஓட்டில் முன்னே ஒரு பல், அடுத்துக் குழி, பிறகு காடி, கடைசியில் மறுபடி பல். இடது ஓட்டில் எல்லாம் இதற்கு எதிரிடை.

ஆஸ்ட்ரகோடுகள் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகின்றன. ஆம்ஃபிடான்ட் கீலோ கிரெட்டேசியஸ் காலத்திலிருந்துதான் கடல் இனங்களில் பெருகியது. அதற்காக எளிய கீல் எல்லாம் பழசு என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய ஓடுள்ள நன்னீர் இனங்கள் இன்றும் பல்லில்லாக் கீலோடுதான் வாழ்கின்றன. கனமான ஓட்டுக்குத்தான் கனமான கீல் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பல இனங்கள் எட்டு முறை ஓடு கழற்றித்தான் முழு வளர்ச்சி அடைகின்றன. குட்டியின் கீல் தாயின் கீலைவிட எளியது. கழற்றிப்போட்ட ஓடுகளும் பாறையில் படிந்துவிடும். குட்டி ஓட்டை வேறு இனம் என்று எண்ணிவிட்டால், அதை வைத்துச் சொல்லும் பாறையின் வயதும் தவறாகலாம். தனித்தனி வம்சங்களில் ஒரே மாதிரிக் கீல் தோன்றியதும் உண்டு. ஆகவே அறிஞர்கள் கீலோடு தசைத் தழும்புகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் உறவு சொல்கிறார்கள்.

நம் அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளிலும் இந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஊருக்குப் போகையில் ரயில் அரியலூரைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதற்குச் சாட்சி சொல்பவற்றில் இந்த எள்ளளவு ஓடுகளும் உண்டு.