காவல் இல்லாத உடம்பு

சளி, காய்ச்சல் வராத குழந்தை உண்டா? மழைக்காலத்தில் அடிக்கடி வரும். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் ஒரு சில குழந்தைகளுக்கு அதே சளி நிமோனியாவாக மாறுகிறது. தட்டம்மை வந்தால் உயிருக்கே ஆபத்தாகிறது. ஏன் இப்படி?

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவை உடம்பின் காவல்காரர்கள். வைரஸ் என்னும் நுண்கிருமி உள்ளே நுழைந்தால் இவை அதை அழிக்கின்றன. சில குழந்தைகள் இந்தக் காவல் இல்லாமலே பிறக்கின்றன. பெற்றோர் வழியாக வரும் மரபணுக் குறைதான் காரணம். இது சாபம் அல்ல. எய்ட்ஸ் நோயும் அல்ல. அரிதாகத்தான் வரும்.

அமெரிக்காவில் 1971இல் ஒரு சிறுவன் பிறந்தான். அவனுடைய அண்ணன் இதே குறையால் 7 மாதக் குழந்தையாக இருந்தபோது இறந்திருந்தான். அதனால் மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள். பிறந்ததும் அவனைக் கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்தில் வைத்தார்கள். 12 வருடம் அதற்குள்ளேயே வளர்ந்தான். 1983இல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு ஏற்றினார்கள். அதில் ஒரு வைரஸ் மறைந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும் வைரஸ்தான் அது. அக்காவை அது ஒன்றும் செய்யவில்லை. தம்பிக்கோ புற்றுநோயை உண்டாக்கியது. 1984இல் அவன் இறந்தான். இன்று மஜ்ஜை மாற்று சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பல குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி? நிற்காத வயிற்றுப்போக்கு, வாயில் தயிர் படிந்தது போல மாறாத வெள்ளை, ஏறாத எடை, திரும்பத் திரும்ப நிமோனியா. இவற்றைக் கவனியுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே முதல் தடயம் கிடைக்கலாம். லிம்போசைட் என்ற வெள்ளை அணு மிகக் குறைவாக இருக்கும்.

குடும்பத்தில் முன்பு கைக்குழந்தை யாராவது இப்படி இறந்ததுண்டா? தாய்வழியில் ஆண் குழந்தைகள் இறந்தார்களா? சில வகைக் குறைகள் தாய்வழியாக மகனுக்கு வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்தால் வேறு சில வகைகள் வரும் வாய்ப்பு கூடும். இந்த விவரத்தைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏனென்றால் பி.சி.ஜி. ஊசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் வலுவிழந்த உயிர்க்கிருமி இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு அது நன்மையே செய்யும். காவல் இல்லாத உடம்பில் அதுவே நோயாகலாம்.

இதைக் கேட்டு மற்ற குழந்தைகளின் தடுப்பூசியை நிறுத்திவிடக் கூடாது. சுற்றியுள்ள எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டால்தான் தட்டம்மை இந்தக் குழந்தையை நெருங்காது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இருக்கிறது. எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அரிய நோய்களுக்காக மத்திய அரசு தேர்ந்தெடுத்த மையங்களில் இதுவும் ஒன்று. 2021இல் வந்த அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் மஜ்ஜை மாற்றினால் குணமாகும் இத்தகைய நோய்களும் உண்டு. சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது. போகும்போது, இறந்த குழந்தையின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.